தாப்பா அக்கா பதில்கள்: பனிநாட்டுச் செடியில் பால் வெட்டுவது யார்?

போன மாதம் நம் மலேசியாவின் தாப்பா ஊர்த் தம்பி ஒருவர் எழுதும் மாயாஜாலக் கதையின் முதல் பகுதியை இந்தப் பக்கத்தில் போட்டிருந்தோம். வெண்ணாடு என்ற பனிநாடு, அதில் சிலும்பை என்ற செடி. நான் ராணியைப் பற்றித்தான் கடிதம் வரும் என்று நினைத்தேன், வந்ததெல்லாம் செடியைப் பற்றி. சரி, இந்த மாதம் முழுக்க அதுதான். முதல் கேள்வி எழுதியவருடையதே.

கேள்வி: அக்கா, சிலும்பையின் இலை காயத்தை ஆற்றும், வேர் பசி தீர்க்கும், பூ சூடு தரும், பாலைப் பூசினால் தோல் செருப்பில் தண்ணீர் இறங்காது, காய்ந்த தண்டை எரித்தால் பேய் ஓடும். என் மச்சான் படித்துவிட்டு, "இது செடியா, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற தைலமா?" என்று கேட்கிறான். நம்புகிற மாதிரி எப்படி எழுதுவது?
(எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்த வாசகர், தாப்பா)

பதில்: தம்பி, மச்சான்மீது கோபப்படாதீர்கள், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஐந்தில் மூன்றை இப்போதே வெட்டிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் உதவுகிற செடி கையில் இருந்தால் அந்த நாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இருக்காது, அப்புறம் கதைக்கு அங்கே என்ன வேலை? அந்தச் செடி அவ்வளவு குளிரில் எப்படிச் சாகாமல் இருக்கிறது என்று முதலில் யோசியுங்கள். அது உயிர் பிழைக்கப் படுகிற பாட்டிலிருந்துதான் நமக்குக் கிடைக்கிற பயனும் வரும்.

நிஜ உலகத்திலேயே இதற்கு நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், சுமார் 3,200 முதல் 4,500 மீட்டர் உயரத்தில், யரேட்டா என்று ஒரு செடி. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் பாறை என்றே நினைப்பீர்கள், கிட்டே போனால் ஆயிரக்கணக்கான குட்டி இலைக்கொத்துகள் காற்று நுழைய இடம் விடாமல் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வருஷத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது, அப்படி வளர்ந்தே 3,000 வயதைத் தாண்டியவை உண்டு என்று கணக்கிடுகிறார்கள். உள்ளே பிசின் இருப்பதால் நன்றாக எரியும், அதுவே அதற்கு வினையாகி, சுரங்கங்களுக்கும் ரயிலுக்கும் விறகாக வெட்டித் தள்ளிவிட்டார்கள். இமயமலையில் 4,000 மீட்டருக்கு மேலே ஒரு ருபார்ப் இனம், மேல் இலைகள் வெளிறிப்போய் வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கும், அவை கவிழ்ந்து பூக்களை மூடிக்கொள்ள உள்ளே கதகதப்பு. வட அமெரிக்காவில் ஸ்கங்க் கேபேஜ் என்று ஒன்று, பூக்கும்போது தானே சூடு உண்டாக்கிச் சுற்றியுள்ள பனியை உருக்கிக்கொண்டு தலையை நீட்டும், ஆனால் நாற்றம் குடலைப் பிடுங்கும். ஈ வந்தால்தானே காய்க்க முடியும், அதற்காக நாறுகிறது.

இப்போது உங்கள் சிலும்பைக்கு வருவோம். தரையோடு தரையாக, பாறைக்குப் பின்னால் காற்றுப் படாத பக்கமாக, மேலெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு போர்த்திக்கொண்டு படர்ந்திருக்கட்டும். சர்க்கரை மிகுதியாக இருப்பதால் பால் உறையாது என்று வையுங்கள். குளிர்காலத்துக்கு முன்னால் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வது நிஜச் செடிகளும் செய்கிற வேலைதான். பூ சூடு தரட்டும், ஆனால் நாறட்டும். காவல் நிற்கிற சிப்பாய் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பூவில் கை காய்ச்சினால் உங்கள் வாசகன் நம்புவான். செருப்புக்குப் பால் இருக்கட்டும். காயம், பசி, பேய் மூன்றும் போகட்டும். பஞ்சை மட்டும் வீணாக்காதீர்கள். ஐரோப்பாவின் வடகோடியில் சாமி என்ற இனத்து மக்கள் காலுறைக்குப் பதிலாகக் காய்ந்த கோரைப்புல்லைச் செருப்புக்குள் திணித்துக்கொள்வார்கள், இனுயிட் மக்கள் பனிப்பிரதேசப் பஞ்சுப்புல்லை விளக்குத் திரியாகப் போடுவார்கள். உங்கள் ஊரிலும் ஏழைக்குப் பஞ்சு, பணக்காரனுக்குப் பால் என்று பிரித்துவிடுங்கள்.

கேள்வி: பேரன் வாசித்துக் காட்டினான் தாயி. செடியில் பால் எடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறான். அந்தக் குளிரில் பால் எப்படி இறங்கும்? எத்தனை மணிக்குப் பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு)? யார் வெட்டுகிறார்கள்? ராணி இருக்கிறாள், மந்திரவாதி இருக்கிறான், வேலைக்காரர் ஒருத்தரையும் காணோமே.
(ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி, பீடோர்)

பதில்: பாட்டி, நாலு வரியில் கதையின் ஓட்டையைப் பிடித்துவிட்டீர்கள். வாள் சண்டைக்கு மூன்று பக்கம் கொடுத்த தம்பி, பால் வெட்டுகிற ஆளுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. "பணிப்பெண் பாலைக் கொண்டுவந்தாள்" என்று முடித்துவிட்டார். எங்கிருந்து கொண்டுவந்தாள்?

நேரத்தைப் பற்றிக் கேட்டதுதான் முக்கியம். நம் ஊரில் இருட்டோடு பெரட்டுக்குப் போய் நின்று, நெற்றி விளக்கோடு நிரையில் இறங்குவது எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தம்பிக்காகச் சொல்கிறேன். வெயில் ஏறினால் இலை வழியாக மரம் தண்ணீரை இழக்கும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் இறங்குவது மட்டுப்படும். பனிநாட்டில் கணக்குத் தலைகீழ். ராத்திரிக் குளிரில் எல்லாம் இறுகிக் கிடக்கும், வெயில் பட்டால்தான் இளகும். கனடாவில் மேப்பிள் மரத்தில் சாறு எடுப்பதும் குளிர்காலக் கடைசியில்தான், ராத்திரி உறைபனி, பகலில் கொஞ்சம் வெப்பம் என்று இரண்டும் மாறிமாறி வந்தால்தான் சாறு ஓடும். அப்படியும் சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். ஆகையால் வெண்ணாட்டில் பெரட்டு காலை பத்து மணிக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பொறாமையாக இருக்கிறதா பாட்டி? அங்கே மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்குள் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும்.

வெட்டுகிற பெண் இப்படிச் செய்வாள் என்று எனக்குத் தோன்றுகிறது. பஞ்சைப் புறங்கையால் ஒதுக்குவாள், ஏனென்றால் விரல் நுனி மரத்துப்போய் எதுவும் தெரியாது. போன தடவை வெட்டிய இடத்தில் உறைந்திருக்கிற ஒட்டுப்பாலை உருவி இடுப்புப் பையில் போடுவாள், அதற்கும் காசு உண்டு. பிறகு பழைய காயத்துக்குக் கீழே நகம் அளவுக்கு மட்டும் உளியை இழுப்பாள். ஆழம் போனால் செடி செத்துவிடும், செத்தால் கூலியில் பிடிப்பார்கள். பால் சொட்ட எலும்பு மங்கு (கிண்ணம்) ஒன்றை வைத்துவிட்டு அடுத்த செடி. திரும்பி வருவதற்குள் மங்கில் பனி விழுந்திருந்தால் எடையில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) கழித்துவிடுவார். பனிக்கும் பாலுக்கும் வித்தியாசம் தெரியாத கிராணியா இவர் என்று அவள் முணுமுணுக்க வேண்டும், அது கட்டாயம்.

இன்னொன்று பாட்டி, நிஜமாகவே குளிர் தாங்குகிற ரப்பர் உண்டு. 1930களில் கஜகஸ்தான் பக்கத்து மலைகளில் சோவியத்துக்காரர்கள் ஒரு வகை டேண்டலியன் செடியைக் கண்டுபிடித்தார்கள், வேரில் ரப்பர் பால் இருக்கும். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் நம் பக்கத்து ரப்பர் கிடைக்காமல் போக, அதைத்தான் பயிரிட்டார்கள், அமெரிக்காவும் முயன்று பார்த்தது. ஆனால் அதில் உளிக்கு வேலையில்லை, வேரையே தோண்டி அரைக்க வேண்டும்.

கேள்வி: சிலும்பை ராத்திரியில் நீலமாக ஒளிருமா?
(படம் வரையும் வாசகி, தெலுக் இந்தான்)

பதில்: வேண்டாம் தங்கச்சி. மாயாஜாலக் கதை என்றாலே எல்லாம் நீலமாக ஒளிர்கிறது, கண் கூசுகிறது. ஒளிர்ந்தே ஆக வேண்டுமென்றால் செடிக்கு அடியில் மக்கிய இலையில் காளான் ஒளிரட்டும், அப்படிக் காளான் நம் நாட்டுக் காட்டிலேயே உண்டு, பச்சையாக ஒளிரும்.

கேள்வி: செடி நன்றாக இருக்கிறது, ஆனால் கதையில் சண்டை எங்கே வரும்? அரக்கன் யாராவது வருவானா?
(வாசகர், கோலாகங்சார்)

பதில்: கோலாகங்சாரில் உட்கார்ந்துகொண்டு அரக்கனைத் தேடுகிறீர்களே ஐயா! உங்கள் ஊரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, போய் அதன் அடியில் நின்று யோசியுங்கள். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது கொஞ்சம்தான். அதிலிருந்து இலங்கைக்குப் போனது, அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அங்கிருந்து உங்கள் ஊருக்கு. சில பத்து வருஷங்களில் பிரேசில் ரப்பர் வியாபாரம் படுத்துவிட்டது. அங்கேயே தோட்டம் போடலாம் என்று பார்த்தால் இலைக்கருகல் நோய் விடவில்லை, இங்கே வந்த விதையோடு அந்த நோய் வரவில்லை. மரம் வந்தாயிற்று, நிலமும் இருக்கிறது, வெட்ட ஆள்? தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றினார்கள். விதை ஒரு நாடு, நிலம் ஒரு நாடு, கை இன்னொரு நாடு, லாபம் நாலாவது நாட்டுக்கு.

தம்பி இதை அப்படியே வெண்ணாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். யாரோ ஒருவன் சிலும்பை விதையைப் பஞ்சுக்குள் ஒளித்துக் கடல் தாண்டி வேறொரு குளிர்மலைக்குக் கொண்டுபோகிறான். அங்கே வரிசை வரிசையாக நடுகிறார்கள். வெயில்நாட்டு மக்களை, பனியையே கண்டிராதவர்களை, "கம்பளி தருகிறோம், வீடு தருகிறோம்" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். கம்பளிக்குக் கூலியில் பிடிக்கிறார்கள். இதற்கப்புறம் அரக்கன் வந்தாலும் அவனுக்கு வேலை இருக்காது. உங்கள் மந்திரவாதியைத் தண்டல் (வேலை வாங்குகிற கங்காணி) ஆக்கிப் பாருங்கள், எனக்கு அந்த ஆள்மேல் ஏற்கெனவே சந்தேகம்தான்.

கேள்வி: பனியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் பனிநாட்டைப் பற்றி எழுதலாமா? செம்பனையைப் (பாமாயில் மரத்தைப்) பற்றி எழுதச் சொல்லக் கூடாதா?
(ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: எழுதலாம் டீச்சர். கேமரன் மலையில் பனி பெய்யாது, 4,095 மீட்டர் கினபாலு உச்சியில்கூட எப்போதாவது உறைபனிதான், அதற்காகக் காத்திருந்தால் யாருமே எழுத முடியாது. மீன்கடை ஐஸ் பெட்டியில் கையை விட்டு வைத்திருந்து, எடுத்தவுடன் சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லுங்கள். விரல் இருக்கிறது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது. அதை அப்படியே எழுதட்டும். செம்பனையைப் பற்றியும் எழுதட்டும், யார் தடுத்தது?

கேள்வி: சிலும்பைப் பால் மூட்டு வலிக்கு நல்லது என்று கேள்விப்பட்டேன். விதை எங்கே கிடைக்கும்? தொட்டியில் வைத்தால் வளருமா?
(பெயர் வேண்டாம் என்றவர், தஞ்சோங் மாலிம்)

பதில்: ஐயா, அது கதையில் மட்டும்தான் இருக்கிறது. யார் சொன்னார்களோ அவர்களிடம் காசு எதுவும் கொடுத்துவிடாதீர்கள். நிஜமான குளிர்நாட்டுச் செடிகளே நம் வெக்கையில் படாத பாடு படும். டியூலிப் கிழங்குக்குப் பல வாரம் நல்ல குளிர் கிடைத்தால்தான் ஒழுங்காகப் பூக்கும், அதனால்தான் இங்கே நட்டுப் பார்த்தவர்கள் இலையோடு திருப்திப்பட வேண்டியிருக்கிறது. முட்டியை அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். காலையில் சீக்கிரம் போய் நம்பர் எடுத்துவிடுங்கள், பத்து மணிக்குப் பெரட்டு எல்லாம் வெண்ணாட்டில்தான்.