லான்யூ தீவின் தாவ் மொழி: கேள்வி பதில்

கேள்வி: தைவானின் பழங்குடி மொழிகளோடு தாவ் மொழியும் சேருமா?

பதில்: ஆட்சி தைவானுடையது, மொழியுறவு பிலிப்பைன்ஸோடு. பத்தானிஸ் தீவுகளின் இவத்தான், இத்பயாத் மொழிகள்தான் இதற்கு நெருங்கிய சொந்தம். அரசுப் பதிவில் 'யாமி' என்றிருக்கும். 1897இல் லான்யூவுக்குப் போன ஜப்பானிய மானிடவியலர் தோரீ ரியூசோ வழியாகப் பரவிய பெயர் அது. தாவ் மக்கள் ஏறத்தாழ 5,000 பேர். சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்களே.

கேள்வி: படிக்கத் தொடங்கியிருக்கிறேன். வினைச்சொல் குழப்புகிறதே ஐயா?

பதில்: எல்லாரும் சறுக்கும் இடம் அதுதான். வாக்கியம் வினையில் தொடங்கும். 'கொமன் கொ சொ அமொங்' என்றால் ஏதோ மீன் சாப்பிடுகிறேன். 'கனென் கொ ஒ அமொங்' என்றால் குறிப்பிட்ட அந்த மீனைச் சாப்பிடுகிறேன். 'மீன் சாப்பிட்டேன்', 'மீனைச் சாப்பிட்டேன்' என்று நாம் 'ஐ' போட்டுப் பிரிப்பதை அவர்கள் வினையிலேயே காட்டுகிறார்கள். கூடவே மீனுக்கு முன்னால் வரும் 'சொ'வும் 'ஒ' ஆகிவிடும். அகராதியில் கிடைத்த ஒரே வடிவத்தை மனப்பாடம் செய்தால் 'அந்த மீன்' என்று சொல்லவே வராது. கொமன், கனென் இரண்டையும் ஜோடியாக, முழு வாக்கியத்தில் வைத்தே படியுங்கள்.

கேள்வி: பெரியவர்களை எப்படி அழைப்பது?

பதில்: முதலில் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். பிள்ளை இல்லாதவரின் பெயருக்கு முன் 'சி' வரும். தலைச்சன் பிள்ளை பிறந்ததும் அப்பா 'சியமன்' இன்னார், அம்மா 'சினன்' இன்னார். இன்னார் என்பது அந்தப் பிள்ளையின் பெயர். பேரக்குழந்தை பிறந்தால் 'சியபென்', அப்போது பேரக்குழந்தையின் பெயர் சேரும். ஒரே ஆளுக்கு வாழ்நாளில் மூன்று பெயர்! அதனால் பழைய ஒலிப்பதிவுக் குறிப்பில் உள்ள ஆளும் இன்று நீங்கள் பார்ப்பவரும் ஒருவரேதானா என்று உறவுமுறை கேட்டுச் சரிபாருங்கள்.

கேள்வி: மீன் பெயர்களைத் தொகுக்கப் போகிறேன். எதில் கவனம் வேண்டும்?

பதில்: பெயரோடு நிறுத்தாதீர்கள், யார் சாப்பிடலாம் என்பதையும் எழுதுங்கள். 'ஒயொத்' எல்லாரும் உண்ணும் நல்ல மீன். 'ரஹெத்' ஆண்களுக்கு மட்டும். முதிய ஆண்களுக்கென்று தனி வகை உண்டு. இந்தப் பிரிவு விட்டுப்போன பட்டியல் எனக்குப் பாதிப் பட்டியல்தான். பறவைமீன் காலம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் தொடங்கும். அப்போது கரையிலுள்ள 'ததலா' படகுகளைத் தொடாதீர்கள். விலக்கு மீறப்பட்டால் மீன் வராது என்பது நம்பிக்கை. பறவைமீனுக்குத் தனிப் பாத்திரம், வேகவைக்கத்தான் வேண்டும், சுடக் கூடாது. பேட்டிக்கு முன்பே கிராமத்தாரிடம் அந்த ஊர் விலக்குகளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.