காவிரிக்கரை ஊட்டமலையில் மீன் வலையைக் கிழிப்பது முதலையா?

முதலை இல்லைங்க, பெரும்பாலும் நீர்நாய்தான். காலையில் வலை முஷ்டி அகலத்துக்குக் கிழிந்து, கண்ணியில் மீன் தலை மட்டும் தொங்குகிறது என்கிறீர்கள். முதலை அந்த அளவு மீனை முழுசாக விழுங்கிவிடும், தலையை மிச்சம் வைக்காது.

கரைப்பாறைகளைப் பாருங்கள். ஒரே பாறையில் கூட்டமாக எச்சம் போடுவது நீர்நாயின் பழக்கம். குச்சியால் கிளறினால் செதிலும் முள்ளும் மினுங்கும், கவிச்சி தூக்கும். ஈர மணலில் ஐந்து விரல், இடையில் சவ்வுத் தடம் இருந்தால் உறுதி. வால் இழுத்த கோடு தெரிந்தால் அது முதலையாக இருக்கலாம், அந்த இடத்தில் இறங்காதீர்கள்.

தலையே இல்லாமல் ஓட்டை மட்டும் என்றால் ஆமையாகவும் இருக்கலாம்.

விடியலில்தான் நீர்நாய் மும்முரமாக இரை தேடும். அதனால் வலையை இருட்டோடு தூக்கிவிடுங்கள். கொஞ்சம் மீன் போகும், வலை பிழைக்கும்.

பொறி, விஷம் மட்டும் வேண்டாம். ஈராக் முதல் இந்தோனேசியா வரை இருக்கும் இனம்தான், ஆனால் குறைந்துகொண்டே வருகிறது. வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு. நம் பக்கத்துக் காடுகளை 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக வேறு அறிவித்துவிட்டார்கள். கேஸ் ஆனால் வலையோடு போகாது.