தேக்குக் கதவைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் வீடு 1996-ல் கட்டியது. சமையல் மேடைக்குக் கீழே தேக்குச் சட்டம் போட்டு, நடுவில் பலகை பதித்த கதவுகள். மேலே பரணுக்குப் பிளைவுட் கதவுகள். மாமனார் காலத்தில் வார்னிஷ் அடித்ததோடு சரி. இப்போது கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கிறது, சமையலறையே இருட்டாகத் தெரிகிறது. மாடுலர் கிச்சன் கடையிலிருந்து வந்து அளந்து பார்த்து 2,80,000 ரூபாய் சொன்னார்கள். பழைய கதவுகளை அவர்களே எடுத்துக்கொண்டு 6,000 ரூபாய் கழித்துக்கொள்வார்களாம். என்னிடம் இருப்பது 60,000. லோன் போட்டுச் செய்துவிடலாமா, இல்லை பெயின்ட் அடித்துச் சமாளிக்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: லோன் வேண்டாம். அந்த 6,000 ரூபாய்க் கழிவும் வேண்டாம். முப்பது வருஷம் காய்ந்த தேக்குக்குப் பழைய மரக்கடையில் என்ன மதிப்பு என்று ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். கடைக்காரர் ஏன் அவ்வளவு தாராளமாக "நாங்களே எடுத்துக்கிறோம்" என்றார் என்பது அப்போது புரியும்.

அடுத்து, மேடைக்குக் கீழே உள்ள கதவுகளைத் திறந்து உள்ளே பாருங்கள். அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் செங்கல் சுவர், நடுவில் தட்டாகக் கடப்பாக்கல் இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், மரம் என்பது முன்னால் தெரியும் சட்டமும் கதவும் மட்டுமே. கல் தண்ணீரில் ஊறாது, கரையான் அரிக்காது. அதை உடைத்துவிட்டு அவர்கள் வைக்கப்போகும் பெட்டி என்ன பலகை என்று கேட்டீர்களா? மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு என்றால், சிங்க்குக்குக் கீழே ஒரு குழாய் ஒழுகினால் போதும், ஓரம் பொரி மாதிரி உப்பிவிடும். இருப்பதில் உறுதியானதை எடுத்துவிட்டு அதைவிட மட்டமானதை வைப்பதற்கு யாரும் கடன் வாங்கக் கூடாது.

சரி, மரம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு கதவின் அடிச்சட்டத்தையும் அழுத்திப் பாருங்கள், சிங்க் பக்கம் இருப்பதை இரண்டு முறை. முனை இறங்கினால் அந்தத் துண்டு இற்றுப்போயிருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும். நிலைச்சட்டத்தின் மேல் மண் கோடு ஓடினால் கரையான். ஊசித் துளையும் கீழே மாவும் கிடந்தால் உளுத்திருக்கிறது. இவை இருந்தால் மருந்து அடிக்காமல் வேறு எந்த வேலையும் தொடங்காதீர்கள்.

கறுப்பு விஷயத்துக்கு வருவோம். அது மரத்தின் நிறமே இல்லை, வார்னிஷ் மேல் படிந்த தாளிப்புப் புகை. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் சலவை சோடா கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, துணியை நனைத்துப் பிழிந்து, அடுப்புக்கு நேர்கீழே உள்ள கதவில் உள்ளங்கை அகலம் மட்டும் துடையுங்கள். துணியில் டீத்தூள் நிறத்தில் வரும். நல்ல தண்ணீரில் உடனே ஒருமுறை துடைத்துவிடுங்கள். வார்னிஷ் போன இடத்தில் சோடா நின்றால் மரம் கறுக்கக்கூடும், அதனால் ஊறவிடாதீர்கள். அந்த உள்ளங்கை அகலத்தில் தெரியும் நிறத்தைப் பார்த்துத்தான் பெயின்டா பாலிஷா என்று முடிவு செய்ய வேண்டும். கடையில் வண்ண அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

என் யோசனை இது. கீழ்க் கதவுகளை உப்புத்தாள் போட்டு வார்னிஷை எடுத்துவிட்டு, பளபளப்பு இல்லாத மேட் பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ் கொடுங்கள். மேல் பரண் கதவுகளுக்கு மட்டும் வெளிர் நிற பெயின்ட். கண் மட்டத்துக்கு மேல் வெளுப்பாக இருந்தாலே அறை பெரிதாகத் தெரியும், தேக்கும் தேக்காகவே நிற்கும். வெள்ளைக்கு ஆயில் எனாமல் வேண்டாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் நாளடைவில் மஞ்சளடிக்கும். தண்ணீர் கலந்து அடிக்கும் எனாமல் கேளுங்கள்.

கீழேயும் பெயின்ட்தான் வேண்டும் என்றால் தப்பில்லை, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பலகை பதித்த கதவில், சட்டமும் பலகையும் சேரும் பள்ளத்தைப் பட்டி வைத்து மூடச் சொல்லாதீர்கள். அந்தப் பலகை மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்குவதற்காகத்தான் தளர்வாகப் பதித்திருக்கிறார்கள். மூடினால் சித்திரைக்குள் மயிரிழை விரிசல் சுற்றிலும் ஓடும்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காமல் அடித்த பெயின்ட் நிற்காது. இதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அடிப்பவர் அவசரப்படுத்தினார், நானும் சரி என்றேன். நான்காவது மாதம் அடுப்புப் பக்கத்துக் கதவில் நகம் பட்டு, வாழைப்பட்டை மாதிரி ஒரு விரல் நீளம் உரிந்து கையோடு வந்தது. கழுவி, காயவைத்து, 120 நம்பர் உப்புத்தாள், பிரைமர், 220 நம்பர், அப்புறம் இரண்டு கோட். இந்த வரிசையைத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு கதவின் உள்பக்கமும் கீலுக்குப் பக்கத்தில் எண் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பழைய கதவுகள் ஒன்றுபோல இருக்காது. இடம் மாறினால் மூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கீலை மாற்றத் தேவையில்லை. துருப்பிடித்ததற்கு மட்டும் அதே அளவில் ஸ்டெயின்லெஸ் கீல் போடலாம். ஆட்டோ கீல் (தானாக இழுத்து மூடும் கீல்) போடுகிறேன் என்று தச்சர் சொன்னால், உங்கள் கதவு சட்டத்துக்குள்ளே உட்கார்கிற வகை, அதற்குத் தனி வளைவுள்ள கீல் வேண்டும் என்று சொல்லுங்கள். கைப்பிடி வாங்கப் போகும்போது பழைய கைப்பிடி ஒன்றைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு ஸ்க்ரூத் துளைக்கு நடுவே உள்ள தூரம்தான் அளவு. கடையில் 96 மி.மீ., 128 மி.மீ., 160 மி.மீ. என்று கிடைக்கும். அழகாக இருக்கிறது என்று அளவு பார்க்காமல் வாங்கினால் தேக்கில் புதுத் துளை, பழைய துளைக்குப் பட்டி என்று வேலை இழுக்கும்.

இருட்டுக்குக் காரணம் கதவு மட்டுமில்லை. பழைய சமையலறைகளில் டியூப்லைட் நமக்குப் பின்னால் இருக்கும். வெங்காயம் நறுக்கும்போது நம் தலை நிழல்தான் அரிவாள்மனை மேல் விழும். மேல் அலமாரிக்கு அடியில், முன் ஓரமாக, ஒரு எல்.இ.டி. பட்டை விளக்கு போடுங்கள். செலவழித்த அன்றே பலன் தெரிவது இதில்தான்.

மிச்சப் பணத்தில், மேடைக்குக் கீழே அடுப்புக்குப் பக்கத்தில் உள்ள தட்டறை ஒன்றில் மட்டும் இழுப்பறை வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து கடப்பாக்கல்லுக்குள் கைவிட்டுத் தேடுவது முதுகுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். செங்கல் சுவர் நேராக இருக்காது என்பதால், இரண்டு பக்கமும் பிளைவுட் பலகை அடித்து, அதன் மேல் இழுப்பறை சறுக்கி வருவதற்கான டெலஸ்கோபிக் சேனல் பொருத்த வேண்டும். எல்லாத் தட்டறைக்கும் இப்படிச் செய்யக் கிளம்பினால் பணம் கரைந்துவிடும், ஒன்று போதும்.

கதவு வேலைக்கு 25,000, இழுப்பறைக்கு 15,000, விளக்குக்கும் கைப்பிடிக்கும் 8,000 என்று உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். 12,000-ஐத் தொடாதீர்கள். கதவைக் கழற்றிய பிறகு ஒரு குழாயோ ஒயரோ கண்ணில் படாமல் இருக்காது.

கேள்வி: எங்களுடையது பிளைவுட் கதவு, வெள்ளை மைக்கா ஒட்டியது. மஞ்சளாகி, சில இடத்தில் ஓரம் தூக்கியிருக்கிறது. பழைய மைக்கா மேலேயே புதுசை ஒட்டிவிடலாம் என்கிறார் தச்சர். இரண்டு கதவு புதிதாகச் செய்ய 710 பிளைவுட் போடுகிறாராம். எப்படி நம்புவது?
- வாசகர், கோவை

பதில்: ஓரம் தூக்கியிருக்கிறது என்றால் அடியில் பசை விட்டுவிட்டது. விட்டுப்போனதன் மேல் புதுசை ஒட்டினால் இரண்டும் சேர்ந்து வரும். பழையதை உரித்து, பிளைவுட்டைத் தேய்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். புதுக் கதவுக்கு வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் உள்பக்கமும் மெல்லிய மைக்கா ஒட்டச் சொல்லுங்கள். ஒருபக்கம் மட்டும் ஒட்டிய கதவு நாளாக நாளாக வில் மாதிரி வளையும். "உள்ளே யார் பார்க்கப் போறாங்க" என்று மிச்சம் பிடிக்கிற இடம் இதுதான், விடாதீர்கள். ஸ்டிக்கர் ரோல் வாங்கி ஒட்டுவதைப் பரண் கதவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுப்புச் சூட்டில் அதன் பசை இளகிவிடும்.

710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் கிடந்தும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. பலகை வீட்டுக்கு வந்ததும், அறுப்பதற்கு முன்னால், அச்சைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 710 என்றும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். அறுத்த பிறகு ஒரு துண்டை வாங்கிப் பழைய பாத்திரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்க வையுங்கள். இதில் தேறினால் 710-தான் என்று ஆகிவிடாது. ஆனால் அதற்குள்ளேயே அடுக்கு பிரிந்தால் நிச்சயமாக 710 இல்லை.

கேள்வி: இழுப்பறைக் கூடை 304 ஸ்டீல் என்று சொல்லி, காந்தம் வைத்துக் காட்டினார்கள். ஒட்டவில்லை. நம்பி வாங்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று சொல்ல முடியாது. விலை குறைந்த 202 ரகத்திலும் பெரும்பாலும் ஒட்டாது, அது சீக்கிரம் துருப்பிடிக்கும். "304 ஸ்டீல்" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காதீர்கள்.

கேள்வி: கதவுகளை மாற்ற ஒரு கடைக்கு 85,000 கொடுத்தேன். ஐந்தே மாதத்தில் மைக்கா உரிகிறது. போன் எடுப்பதில்லை. பில் கேட்டபோது "பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆகும்" என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
- வாசகர், திருச்சி

பதில்: முடியும். பில் இல்லாதது பலவீனம்தான், ஆனால் பணம் வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ போயிருந்தால் அது சாட்சி. கடையோடு பேசிய வாட்ஸ்அப் தகவல்கள், அளவு எழுதிய துண்டுச்சீட்டு, வேலை நடந்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். உரிந்த இடத்தைத் தேதியோடு படமெடுங்கள். வேறு ஆளை வைத்துச் சரிசெய்வதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். குறை இருந்த தடயமே போய்விடும்.

என்ன குறை, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி, பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடைக்கு அனுப்புங்கள். 15 நாள் கொடுங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஸ்பீட் போஸ்ட் ரசீதையும், அவர்கள் வாங்காமல் திரும்பி வந்தால் அந்த உறையையும் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.