மூன்று மாதத்தில் ஏழு மாத வேலை: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

22 வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். முதலில் கோடிங், அப்புறம் டீம் லீட், இப்போது டெலிவரி மேனேஜர். முடியாத தேதிகளில் மாட்டியும் இருக்கிறேன், மற்றவர்களை மாட்டிவிட்டும் இருக்கிறேன். இரண்டையும் மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி (டீம் லீட், சென்னை): அக்கா, எங்கள் கணக்குப்படி 7 மாத வேலை. சேல்ஸ் டீம் 3 மாதம் என்று சொல்லி ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. மேனேஜர் "எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று முதலில் விசாரியுங்கள். சில தேதிகள் கல்மேல் எழுத்து. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது. அதற்குள் பில்லிங் சாஃப்ட்வேர் மாறியே ஆக வேண்டும், யாரிடம் போய்க் கெஞ்சுவது? ஆனால் பல தேதிகள் யாரோ ஒரு மீட்டிங்கில் வாய்க்கு வந்தபடி சொன்னவை. ஒருமுறை ஆறு வாரம் தூக்கம் கெட்டு ஓடி முடித்தோம். கடைசியில் பார்த்தால், கிளையண்ட் பக்கம் டேட்டா தயாராகவே இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

தேதி நகரவே நகராது என்றால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். வேலைப் பட்டியலைக் கையில் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே எக்செல் ஷீட்டில் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் "இது இல்லாமல் முதல் நாள் கடை திறக்க முடியுமா?" என்று கேளுங்கள். இன்வாய்ஸ் இல்லாமல் முடியாது. மாதாந்திர ரிப்போர்ட் மாதக் கடைசி வரை யாருக்கும் தேவைப்படாது. அட்மின் ஸ்க்ரீன் இல்லாவிட்டால் என்ன, கொஞ்ச நாள் நீங்களே டேட்டாபேஸில் மாற்றிக் கொடுக்கலாம்.

எதை வெட்டுவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், கிளையண்ட்டே செய்யட்டும். "முடியாது" என்றால் சண்டைதான் வரும். "3 மாதத்தில் இந்த 40 வரி வரும். வேறு ஏதாவது அவசரம் என்றால் இதில் ஒன்றை எடுத்துவிட்டு அதைச் சேர்க்கிறேன்" என்றால் அது பேரம். கத்தரிக்காய்க்கே பேரம் பேசுகிற ஊர், இது புரியாதா? பேசி முடித்ததும் அன்றைக்கே மெயில் போட்டுவிடுங்கள். இதை முதல் இரண்டு வாரத்துக்குள் செய்யுங்கள். பத்தாவது வாரத்தில் சொன்னால் அதே கணக்கு சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

கேள்வி (டெவலப்பர், பெங்களூரு): நாங்கள் 5 பேர். கோ-லைவுக்கு (சாஃப்ட்வேர் நிஜப் பயன்பாட்டுக்கு வரும் நாளுக்கு) ஒரு மாதம் இருக்கிறது. "ஆள் வேண்டுமானால் எடுத்துக்கோ" என்று திடீரென்று 6 பேரை அனுப்புகிறார்கள். சந்தோஷப்படுவதா?

பதில்: கவலைப்படுங்கள். ஐபிஎம் கம்ப்யூட்டர்களுக்கான ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் திட்டத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்: ஏற்கெனவே தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று. 5 பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேச 10 இணைப்புகள். 11 பேரானால் 55. போதாததற்கு, புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது யார்? இருக்கிற ஐந்து பேர்தான்.

வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. எனவே அவர்களை முக்கியமான புரோகிராம் பக்கம் விடாதீர்கள். டெஸ்ட் டேட்டா தயாரிப்பது, பழைய டேட்டாவைச் சுத்தம் செய்வது, சர்வர் அமைப்பது, யூசர் மேனுவல், டிக்கெட்டுகளை (பதிவான குறைகளை) வகை பிரிப்பது என்று கொடுங்கள். அவர்களில் இரண்டு பேர் கெட்டிக்காரர்களாக இருந்தால் ஒரு வாரத்தில் தானாகத் தெரிந்துவிடும்.

கேள்வி (ஃப்ரெஷர்): மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்கிறார்கள். பயத்தில் "2 நாள்" என்று சொல்லி மாட்டிக்கொள்கிறேன்.

பதில்: "பார்த்துட்டு நாளைக்குக் காலையில சொல்றேன் சார்." இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சொல்லும்போதும் ஒற்றை எண் வேண்டாம். "3 முதல் 6 நாள், அந்தப் பக்கத்து சாஃப்ட்வேரோடு இணைக்கும் ஏபிஐ ஒழுங்காக வேலை செய்தால் 3" என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

கேள்வி (டெஸ்டர், கோவை): டெஸ்டிங்குக்கு 15 நாள் என்று பிளானில் இருந்தது. டெவலப்மென்ட் இழுத்து இழுத்து இப்போது 4 நாள்தான் மிச்சம். தேதி மட்டும் மாறவில்லை.

பதில்: பந்தியில் கடைசி வரிசைக்குப் பாயசம் கிடைக்காத கதை. பணம் போகிற பாதையை முதலில் சோதியுங்கள். அடுத்து லாகின், அப்புறம் டேட்டா அழியக்கூடிய இடங்கள். எழுத்துரு, நிறம் எல்லாம் பிறகு. ரிலீஸ் மெயிலில் "சோதித்தவை" என்பதற்குக் கீழே "சோதிக்காதவை" என்று தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். மேனேஜர் முகம் சுளிப்பார், போடுங்கள். அடுத்த முறை, வேலை முழுவதும் முடியும்வரை காத்திருக்காமல் இரண்டாவது வாரத்திலிருந்தே தினமும் பில்ட் (அன்றுவரை முடிந்ததை ஓட்டிப் பார்க்கும் வடிவம்) கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கிளையண்ட் தினமும் "ஒரு சின்ன சேஞ்ச்தான்" என்கிறார். மறுத்தால் உறவு கெடும் என்று மேனேஜர் பயப்படுகிறார்.

பதில்: செய்து கொடுங்கள், ஆனால் பூஜ்ஜியம் ரூபாய்க்காவது பில் போடுங்கள். தேதி, கேட்டவர், எடுத்த மணிநேரம் என்று ஒரு பதிவு வையுங்கள். மாதக் கடைசியில் "63 மணிநேரம் இலவசமாகச் செய்திருக்கிறோம்" என்று காட்டினால் பேச்சின் தொனியே மாறும்.

கேள்வி (டெவலப்பர், திருச்சி): நாலு வாரமாக ராத்திரி 2 மணி வரை வேலை, மேடம். இது எவ்வளவு நாள் தாங்கும்?

பதில்: என் அனுபவத்தில் இரண்டு வாரம். அதற்கு மேல் ராத்திரி எழுதிய புரோகிராமைக் காலையில் திருத்துவதே வேலையாகிவிடும். ஒருநாள் அதிகாலை 3 மணிக்கு இரண்டு விண்டோ திறந்து வைத்திருந்தேன். டெஸ்ட் டேட்டாபேஸ் என்று நினைத்து நேரடி டேட்டாபேஸில் ஒரு டேபிளைக் காலி செய்துவிட்டேன். பேக்கப் இருந்ததால் இன்றைக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து என் டீமில் இரவு 10 மணிக்கு மேல் யாரும் நேரடி சிஸ்டமான புரொடக்‌ஷனைத் தொடக்கூடாது. தொட்டே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: அவசரத்தில் கோ-லைவ் போய், சைட் படுத்துவிட்டது. இப்போது யார் தப்பு என்று தினமும் விசாரணைக் கமிஷன்.

பதில்: மருத்துவக் காப்பீட்டில் சேர்வதற்கான அமெரிக்க அரசின் இணையதளம் ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாள் முழுவதும் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் வெறும் 6 பேர். அவ்வளவு பணம் இருந்த திட்டத்துக்கே அந்தக் கதி. அதைத் தூக்கி நிறுத்த வந்தவர்கள் தினமும் கூட்டம் போட்டார்கள். அங்கே பழி போடக்கூடாது, பதவியில் பெரியவர் பேசுவதைவிட விஷயம் தெரிந்தவர் பேச வேண்டும் என்று விதி வைத்தார்கள். உங்கள் மேனேஜரிடம் "விசாரணையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் சார், இன்றைக்கு முதல் மூன்று பிரச்சினை எது?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பேப்பர் போட்டு (ராஜினாமா செய்து) விடலாமா அக்கா? கோ-லைவுக்கு இன்னும் 60 நாள்.

பதில்: உங்கள் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால், இன்றைக்குப் போட்டாலும் கோ-லைவ் அன்று நீங்கள் அங்கேதான் இருப்பீர்கள்! உடம்பு கெடுகிறது, வீட்டில் பேச்சே நின்றுவிட்டது என்றால் யோசிக்காமல் போடுங்கள். வெறும் கோபம் என்றால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்து, ஞாயிற்றுக்கிழமை முடிவு எடுங்கள். எப்படியானாலும் ரெஸ்யூமேயை இந்த வாரமே புதுப்பித்து வையுங்கள்.