பிரபல விளையாட்டுப் பத்தியாளர்களின் எழுத்து ஏன் சுயபுராணமாகவே முடிகிறது? இடம் பொருள் ஏவல் தெரியாமல் எழுதுவது எதனால்?

கேள்வி இரண்டு குறைகளைச் சொல்கிறது. ஒன்று, யாருடைய ஆட்டத்தைப் பற்றி எழுதினாலும் மூன்றாவது வரியில் "நான் ஆடிய காலத்தில்" வந்துவிடுவது. இன்னொன்று, ஒரு வீரர் தலையில் அடிபட்டுப் படுத்திருக்கும் நாளில் "எங்களுக்கெல்லாம் ஹெல்மெட்டே கிடையாது" என்று எழுதிவைப்பது. இரண்டுக்கும் தலைக்கனம்தான் காரணம் என்று வாசகர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். தலைக்கனம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தப் பத்திகள் தயாராகும் விதத்தைப் பார்த்தால், பரம சாது எழுதினாலும் அது சுயபுராணமாகத்தான் வந்து நிற்கும். விசாரித்து எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. கைச்செலவில்லாமல் அதை நிரப்பக் கிடைக்கும் ஒரே சரக்கு எழுதுபவரின் பழைய கதை.

முதலில் வீரர்களின் பத்தி. இது பெரும்பாலும் ஒரு போன் காலில் பிறக்கிறது. பத்திரிகை தரப்பில் ஒருவர், வீரரின் பெயரில் எழுதிக்கொடுக்கும் நிழல் எழுத்தாளர், டெஸ்க் (செய்தியைத் திருத்திப் பக்கம் போடும் ஆசிரியர் குழு) பாஷையில் 'கோஸ்ட்', வீரரை அழைப்பார். வீரர் விமான நிலையத்தில் இருப்பார், அல்லது வர்ணனை அறைக்கு வெளியே அடுத்த முறைக்குக் காத்திருப்பார். பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவார். அதில் தேறுவது இரண்டு அல்லது மூன்று கருத்து. பக்கத்தில் ஒதுக்கியிருப்பதோ 600 முதல் 800 சொல். மூன்று கருத்தை எவ்வளவு இழுத்தாலும் 300 சொல்லைத் தாண்டாது.

மீதியை கோஸ்ட் எதை வைத்து நிரப்புவார்? புதிதாக ஒரு விமர்சனம் எழுதினால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று வீரர் மறுக்கலாம், வேலைக்கு ஆபத்து. இன்றைய வீரர் ஒருவரை அழைத்துக் கேட்கலாம், ஆனால் நட்சத்திரத்தின் பெயரில் கோஸ்ட் பேட்டி எடுப்பது சங்கடம். யாரும் மறுக்க முடியாத பாதுகாப்பான சரக்கு ஒன்றுதான்: நட்சத்திரத்தின் பழைய பெருமை. ஏற்கெனவே பத்துத் தடவை அச்சில் வந்தது. அதனால்தான் ஒரே கதை ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் திரும்ப வருகிறது. அதைத் தோண்டி எடுத்தவர் பல நேரம் அந்த வீரரே அல்ல, அவருடைய கோஸ்ட்.

இந்த உறவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பேஸ்பாலில் ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1920-களில் நட்சத்திர வீரர் பேப் ரூத் பெயரில் எழுதிக்கொடுத்த கோஸ்ட்களில் ஒருவர் ஃபோர்டு ஃபிரிக். பின்னாளில் அவரே அந்த ஆட்டத்தை நிர்வகிக்கும் பேஸ்பால் ஆணையர் ஆனார். 1961-இல் ரோஜர் மாரிஸ், ஒரே பருவத்தில் ரூத் அடித்த 60 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) சாதனையைத் துரத்திக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுதான் அவர் ஆடிய லீகில் பருவம் 154 ஆட்டத்திலிருந்து 162 ஆக நீண்டிருந்தது. 154 ஆட்டத்துக்குள் முறியடித்தால் ஒழிய அதைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்று அறிவித்தார் ஃபிரிக். ஒரு காலத்தில் "நான்" என்று அவர் எழுதியதெல்லாம் ரூத்தாக நின்று எழுதியது!

சொந்தமாக எழுதும் நட்சத்திரப் பத்தியாளர்களின் கதை வேறு. வாரத்துக்கு மூன்று பத்தி, நடுவில் டிவி, போட்காஸ்ட். மைதானத்துக்குப் போவது குறையும். பெயர் பெரிதாகப் பெரிதாக, எழுதியதை நிறுத்திக் கேள்வி கேட்கும் தைரியம் டெஸ்க்கில் குறையும். புது நிருபர் எழுதிக்கொடுத்த காப்பியில் "யார் சொன்னது?", "நேரில் பார்த்தாயா?" என்று கேட்கும் அதே உதவி ஆசிரியர், பெரியவரின் காப்பியில் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடுவார்.

2005 ஏப்ரலில் அமெரிக்காவின் டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்ஸில் நடந்தது இதுதான். கல்லூரிக் கூடைப்பந்து அரையிறுதி சனிக்கிழமை. பத்தியாளர் மிட்ச் ஆல்பம் வெள்ளிக்கிழமையே ஞாயிறு இதழுக்கான பத்தியைக் கொடுத்தாக வேண்டும். மிச்சிகன் ஸ்டேட் அணியின் முன்னாள் வீரர்கள் மடீன் கிளீவ்ஸும் ஜேசன் ரிச்சர்ட்சனும் ஆட்டத்துக்கு வரப்போவதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் அதை நடந்து முடிந்ததாகவே, இருவரும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்ததாக எழுதினார். இருவரும் வரவில்லை. பத்தி அச்சாகிவிட்டது. ஆல்பம் மன்னிப்புக் கேட்டார். பத்திரிகை அவர் மீதும், அந்தக் காப்பியைக் கடத்திவிட்ட ஆசிரியர்கள் சிலர் மீதும் நடவடிக்கை எடுத்தது. "வரப்போகிறார்கள்" என்று காலத்தை மாற்றியிருந்தால் போதும். வெள்ளிக்கிழமை எழுதியதில் சனிக்கிழமை எப்படி இறந்தகாலத்தில் வந்தது என்று கேட்க அங்கே ஒரு குரல்கூட எழவில்லை.

சுயபுராணம் வெறும் அலுப்போடு நிற்பதில்லை. கண்முன் நடக்கும் செய்தியையே மறைத்துவிடும். 1932 ஆகஸ்டில் ஓவலில் யார்க்‌ஷயரின் பில் போஸ் எகிறும் பந்துகளாக வீசியபோது, ஆடுகளத்திலேயே எதிர்ப்பைக் காட்டியவர் சர்ரே அணியின் பேட்ஸ்மேன் ஜாக் ஹாப்ஸ். சில மாதம் கழித்து, பேட்ஸ்மேனின் உடம்பைக் குறிவைத்து இங்கிலாந்து பந்து வீசிய பாடிலைன் தொடருக்கு அவர் செய்தி எழுதும் வேலையாக ஆஸ்திரேலியா போனார், கூடவே ஒரு கோஸ்டும். 1933 ஜனவரியில் அடிலெய்டில் இங்கிலாந்தின் லார்வுட் வீசிய பந்து ஆஸ்திரேலியக் கேப்டன் வுட்ஃபுல்லின் மார்பில் அடித்தது; அதே அணியின் ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டை ஓட்டில் விரிசல். ஹாப்ஸ் அங்கிருந்தபடி அந்த உத்தியைக் கண்டிக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் எதிர்த்தார். இங்கிலாந்து கேப்டன் ஜார்டின், சர்ரேயிலும் அவருக்குக் கேப்டன். கெட்ட மனிதர் என்று ஹாப்ஸை யாரும் சொன்னதில்லை. உடைமாற்றும் அறை விசுவாசம் அப்படி: செய்தி எழுதப் போன இடத்திலும் பழைய அணிக்காரராகவே நின்றுவிட்டார்.

இனி ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம். இது இதற்காகவே எழுதிய மாதிரி. ஓர் இளம் பேட்ஸ்மேன் மனச்சோர்வு என்று சொல்லித் தொடரிலிருந்து விலகியிருக்கிறார்:

"இருபத்தொரு வயதில் ஓய்வா? எனக்குப் புரியவில்லை. அதே வயதில் முறிந்த விரலோடு ஒரு நாள் முழுக்க நின்று ஆடினேன். அன்று மாலை கேப்டன் தோளில் தட்டிச் சொன்ன வார்த்தையை இன்றும் மறக்கவில்லை. நாங்கள் வளர்ந்த விதம் அது. அவர் சீக்கிரம் திரும்பி வர வாழ்த்துகிறேன்."

"நான்" என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை, கவனித்தீர்களா? தமிழில் சுயபுராணம் வினைமுற்றில் ஒளிந்துகொள்ளும். அதனால் "நான்" மட்டும் தேடினால் பிடிபடாது. ஆடினேன், பார்த்தேன், வாழ்த்துகிறேன் என்று '-ஏன்' விகுதியில் முடியும் வினைகளையும், என், எனக்கு, நாங்கள், எங்கள் ஆகியவற்றையும் சேர்த்து அடிக்கோடிட வேண்டும். "மறக்கவில்லை" மாதிரி எழுவாய் மறைந்த எதிர்மறை வினையும் கணக்கில் வரும். ஆறே வாக்கியத்தில் இப்படி ஐந்து. செய்திக்குரிய இளைஞர் கடைசி வாக்கியத்தில் ஒரு "அவர்" ஆக வந்து போகிறார். அவர் என்ன சொன்னார், எத்தனை மாதமாக ஓய்வில்லாமல் ஆடினார், ஒன்றும் இல்லை.

இன்னொரு அடையாளம் "நாங்கள்". தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. பத்தியாளர் "நாங்கள்" என்று தொடங்கினாலே வாசகரும் இன்றைய வீரரும் வாசலுக்கு வெளியே.

திருத்தும் முறை கஷ்டமில்லை. அடிக்கோடிட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையாவிட்டால் அது வேண்டாத வாக்கியம். செய்திக்குரியவரின் பெயரும் அவருக்கு நடந்ததும் முதல் 50 சொல்லுக்குள் வரட்டும். சொந்த அனுபவம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அந்த ஒன்றும் வேறு யாராலும் சொல்ல முடியாததாக இருக்கட்டும். மேலே உள்ள விரல் கதையையே எடுத்துக்கொள்வோம். "முறிந்த விரலோடு ஆடினேன்" என்றால் பெருமை. "முறிந்த விரலால் கீழ்க்கைப் பிடி நிற்கவில்லை, விரட்ட வேண்டிய பந்தையெல்லாம் தடுத்துக்கொண்டே இருந்தேன், எதிர்முனையில் இருந்தவர் அவசரப்பட்டு ஆட்டமிழந்தார்" என்றால் தகவல். உடம்போ மனசோ சரியில்லாதவர் ஆடினால் அணிக்கு ஆகும் செலவு என்ன என்று அதிலிருந்து இன்றைய இளைஞரிடம் போகலாம். கதை அதேதான், இப்போதுதான் அதற்கு வேலை இருக்கிறது.

இடம் பொருள் ஏவல் விஷயத்தில் பெரும்பாலும் தவறுவது ஒரே இடத்தில்: விதி என்ன, உடம்பில் என்ன நடந்தது என்று கேட்காமலேயே குணத்துக்குத் தீர்ப்பு எழுதுவது. 2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் அணி இறுதியிலிருந்து விலகியபோது "பாதியில் விட்டுப் போகலாமா" என்று வசை கிளம்பியது. வால்ட் என்ற தாவல் பிரிவில் அந்தரத்தில் இரண்டரை முறுக்குச் சுற்ற வேண்டியவர் ஒன்றரையோடு தரையிறங்கியிருந்தார். அந்தரத்தில் தான் எந்தத் திசையில் இருக்கிறோம் என்ற உணர்வு அறுந்துபோகும் நிலை அது. ஜிம்னாஸ்ட்கள் 'ட்விஸ்டீஸ்' என்பார்கள். அடுத்த தாவலில் கழுத்தில் விழுந்தால் ஆயுசுக்கும் படுக்கை. எந்த முன்னாள் ஜிம்னாஸ்ட்டிடம் கேட்டிருந்தாலும் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

கிரிக்கெட்டில் தலைக்காயமும் இப்படித்தான். 2019 ஆகஸ்ட் முதல் டெஸ்ட் ஆட்டங்களில் மூளை அதிர்ச்சிக்கு மாற்று வீரர் உண்டு; அந்த மாதமே லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். வீரரை ஆடவிடுவதா என்று பார்ப்பது அணியின் மருத்துவர். அதில் "பயந்து ஒதுங்கினார்" என்று எழுத இடமே இல்லை. ஹெல்மெட் இல்லாத காலத்துப் பெருமைக்கும் இதே பதில்: 2014 நவம்பரில் பந்து பட்டு உயிரிழந்த ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஃபில் ஹியூஸ் தலையில் ஹெல்மெட் இருந்தது. பந்து பட்டது அது மறைக்காத கழுத்தில்.

சில தவறுகளுக்குப் பத்தியாளர் பொறுப்பே இல்லை, பக்கம்தான் காரணம். புதன்கிழமை கொடுத்த நகைச்சுவைப் பத்தி, சனிக்கிழமை நடந்த விபத்துச் செய்திக்குப் பக்கத்தில் ஞாயிறன்று வந்து உட்காரும். பெயருக்கு மேலே நிரந்தரமாகப் போடும் சிரித்த முகப் படம் இரங்கல் பத்திக்கு மேலேயும் சிரித்துக்கொண்டிருக்கும். மாற்ற யாருக்கும் தோன்றாது. தலைப்பு வைப்பது டெஸ்க், திட்டு வாங்குவது பத்தியாளர். பக்கம் மூடும் முன் தலைப்பு, படம், பக்கத்துச் செய்தி மூன்றையும் ஒருமுறை சேர்த்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

இரங்கல் பத்திதான் உச்சம். "நானும் அவரும்" என்று தொடங்கி, இறந்தவர் தன்னைப் புகழ்ந்த வாசகத்தில் முடியும். இறந்தவரால் மறுக்கவும் முடியாது. சந்தேகமிருந்தால், இறந்தவர் செய்த காரியம் எத்தனை வாக்கியத்தில் இருக்கிறது என்று எண்ணினால் போதும்.

வீரர்கள் நன்றாக எழுத மாட்டார்கள் என்று இதற்கெல்லாம் அர்த்தமில்லை. ஆஸ்திரேலியாவின் ரிச்சி பெனோ டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தபோதே சிட்னியின் தி சன் பத்திரிகையில் போலீஸ் செய்தி எழுதிப் பழகியவர். இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் மைக்கேல் ஆதர்ட்டன் லண்டன் டைம்ஸில் கிரிக்கெட் செய்தியாளராக முழுநேர வேலை பார்த்தவர். கேட்டு எழுதுவது அவருக்குத் தொழில். சார்பு என்ற பிரச்சினை வேறு. 2008-இல் ஐசிசி கிரிக்கெட் குழுத் தலைவராக இருந்த சுனில் கவாஸ்கர், பதவியா ஊடகமா என்ற கேள்வி எழுந்தபோது பதவியை விட்டு விலகினார். இரண்டிலும் உட்கார்ந்துகொண்டு எழுதுபவர் குறைந்தபட்சம் பத்தியின் அடியில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, தவறு நடந்த பிறகு வரும் இரண்டாவது பத்தி. முதலாவதைவிட இதுதான் அதிகம் கெடுக்கும். "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று 'இருந்தால்' போட்டு, அதற்குப் பிறகு முப்பது ஆண்டு சேவையை 500 சொல்லில் பட்டியல் போடுவார்கள். மன்னிப்பே சுயபுராணமாகிவிடும். தேவையானது இவ்வளவுதான்: "ஞாயிறு பத்தியில் இன்னார் பயந்து விலகியதாக எழுதியிருந்தேன். அது தவறு. விலக்கியது அணி மருத்துவர். எழுதும் முன் நான் கேட்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." '-ஏன்' இதிலும் உண்டு, ஆனால் வரவேண்டிய இடத்தில். பத்தி வந்த அதே மூலையில், அதே அளவு எழுத்தில் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துவிடலாம்.