‘பாரோ மீ’ தமிழின் குற்றமா?

கேள்வி: பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகன், ஆங்கிலக் கட்டுரையில் இரு நண்பர்களின் உரையாடலை எழுதும்போது ‘பாரோ மீ யுவர் கால்குலேட்டர்’ என்று எழுதிவிட்டான். ஆசிரியர் சிவப்பு மையால் கோடிட்டு, ‘வீட்டில் தமிழ் பேசுவதால் வரும் பிழை’ என்று ஓரத்தில் குறித்து அனுப்பியிருக்கிறார். நூலகத்திலிருந்து ஓர் இலக்கண நூலைக் கடன் வாங்கிப் பார்த்தும் எனக்குத் தெளிவு பிறக்கவில்லை. பாரோ, லெண்ட் இரண்டையும் எப்படிப் பிரித்து எழுதுவது? இறுதித் தேர்வு முடியும் வரையிலாவது வீட்டில் தமிழை நிறுத்திவைக்கலாமா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் மகன் எழுதியது பிழைதான்; ‘கொடு’ என்னும் பொருளுள்ள லெண்ட் வரவேண்டிய இடத்தில் ‘வாங்கு’ என்னும் பொருளுள்ள பாரோவை வைத்துவிட்டான். கோடிட்டதில் ஆசிரியர்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பிழைக்கு அவர் ஓரத்தில் எழுதிய காரணம் அதைவிடப் பெரிய பிழை.

தமிழில் ஒருவர் கடன் வாங்குகிறார், மற்றவர் கடன் கொடுக்கிறார். ஒருவர் இரவல் வாங்குகிறார், மற்றவர் இரவல் கொடுக்கிறார். பொருள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதை வினையே சொல்லிவிடுவதால், மூன்று வயதுக் குழந்தைகூட ‘உன் பொம்மையை எனக்கு வாங்கு’ என்று கேட்பதில்லை, ‘தா’ என்றுதான் கேட்கிறது. கை மாறும் திசையில் தமிழ் எவ்வளவு கண்டிப்பாக இருந்தது என்றால், தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, கொடுத்தல் படர்க்கைக்கு உரியது என்று தொல்காப்பியர் தனி விதியே வகுத்துவிட்டுப் போனார். ‘எனக்குக் கொடு’ என்று இன்று தாராளமாகப் பேசும் நாம் அந்த விதியைத் தளர்த்திவிட்டோம் என்பது வேறு செய்தி. ஆனால் வாங்குவதையும் கொடுப்பதையும் எந்த நாளிலும் நாம் குழப்பிக்கொண்டதில்லை.

அப்படியானால் ‘பாரோ மீ’ எங்கிருந்து வந்தது? உங்கள் மகன் நடமாடும் பள்ளி முற்றத்தில் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘லியன்’ என்ற ஒரே வினை இரண்டு வேலைகளையும் செய்கிறது; கொடுப்பவரா வாங்குபவரா என்பதை அடுத்து வரும் சிறு சொற்கள் காட்டிக்கொடுக்கும். ஜூலு மொழியின் ‘போலெக்கா’வும் அப்படியே. இவை அந்த மொழிகளின் குறைகள் அல்ல. ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான ஜெர்மனிலும் ‘லைஹன்’ என்ற ஒரு சொல் இரண்டு பக்கமும் நிற்கும். பல மொழிகள் கலந்து விளையாடும் இடத்தில் ஒரு மொழியின் வாக்கியக் கட்டு இன்னொன்றில் ஏறிக்கொள்வது இயல்பு; தமிழ் ஒரு சொல்லும் அறியாத பிள்ளைகளும் டர்பனில் ‘பாரோ மீ ட்வெண்டி ராண்ட்’ என்று கேட்பதை நாள்தோறும் காதால் கேட்கிறோம். அவர்களுக்கெல்லாம் எந்த வீட்டுத் தமிழைக் குற்றம் சொல்வது?

இனி வாக்கியத்துக்கு வருவோம். பாரோ என்றால் வாங்குதல், லெண்ட் என்றால் கொடுத்தல். கால்குலேட்டர் வேண்டியவன் தன்னை எழுவாயாக வைத்தால் ‘மே ஐ பாரோ யுவர் கால்குலேட்டர்?’ என்று கேட்க வேண்டும். வைத்திருப்பவனை எழுவாயாக வைத்தால் ‘வில் யூ லெண்ட் மீ யுவர் கால்குலேட்டர்?’ என்று கேட்க வேண்டும். இரண்டு கேள்விகளின் முடிவும் ஒன்றே, ஆனால் எழுவாய் மாறியவுடன் வினையும் மாறியாக வேண்டும். லெண்ட் என்ற வினைக்குப் பின்னால் ‘மீ’, ‘ஹிம்’ போன்ற சொல் நேரே வந்து உட்காரலாம், ஏனெனில் கொடுப்பதற்கு ஒரு பெறுநர் தேவை. பாரோவுக்குப் பின்னால் வாங்கும் பொருள் மட்டுமே வரும், கொடுத்தவரைச் சொல்ல விரும்பினால் ‘ஃப்ரம்’ சேர்க்க வேண்டும்: ‘ஐ பாரோட் ஃபிஃப்டி ராண்ட் ஃப்ரம் மை அங்கிள்.’ உங்கள் மகன் எழுதிய ‘பாரோ மீ’ என்பதை உள்ளபடி தமிழாக்கினால் ‘என்னை இரவல் வாங்கிக்கொள்’ என்றாகும். அவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிட்டு ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

லெண்ட் என்பதன் இறந்தகாலத்தை நம் எழுத்தில் எழுதினால் அதுவும் லெண்ட் என்றே தெரியும். ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தில் முடிவது நிகழ்காலம், இருபதாம் எழுத்தில் முடிவது இறந்தகாலம். ‘லெண்டட்’ என்று ஒரு வடிவம் இல்லவே இல்லை. ‘லோன்’ என்பதை அமெரிக்கர்கள் வினையாகவும் ஆளுவார்கள் என்றாலும், தேர்வுத் தாளில் அதைப் பெயர்ச்சொல்லாக மட்டும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. உதவிக் கை நீட்டுவதைச் சொல்லும் ‘லெண்ட் அ ஹேண்ட்’ என்ற தொடரில் பாரோவுக்கும் லோனுக்கும் இடமில்லை. எடுத்துக்கொண்டு போக முடியாதவற்றுக்கு, அதாவது விருந்துக்குப் போன வீட்டின் கழிப்பறைக்கும் அலுவலகத்தின் மேசைக்கும், ‘யூஸ்’ என்பதே பொருத்தம்.

ஆங்கிலம் பார்க்காத ஒரு வேறுபாட்டைத் தமிழ் பார்க்கிறது என்பதையும் அந்த ஆசிரியருக்குச் சொல்லத் தோன்றுகிறது. டொங்காட்டில் நான் சிறுவனாக இருந்தபோது, அடுத்த வீட்டு ஆயா எங்கள் வீட்டு வேலியோரம் வந்து நின்று ஒரு படி அரிசி கேட்பார். என் தாயார் படியில் நிரப்பிக் கையால் தலைதட்டி அளந்து போடுவார். வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் ஆயா அதே படியைக் கேட்டு வாங்கி, கூம்பாக நிரப்பி, வழிகிற அரிசியைத் தட்டிவிடாமல் திருப்பி அளப்பார். அது கடன், வாங்கிய அரிசி உலையில் வெந்துபோய்விட்டது, திரும்பி வருவது வேறு அரிசி. அதே ஆயா கல்யாணத்துக்குக் கேட்டு வாங்கிய பித்தளை அண்டா இரவல். அந்த அண்டாவே திரும்பி வரவேண்டும், அதன் விளிம்பில் நெளிவு இருந்தால் காரணமும் கூடவே வரவேண்டும். ஆங்கிலத்தில் அரிசிக்கும் பாரோ, அண்டாவுக்கும் பாரோ. அளந்து வாங்கி அதே அளவில் திருப்பிக் கொடுப்பதற்கென்று ‘குறியெதிர்ப்பை’ என்ற தனிச்சொல்லே நம்மிடம் இருந்தது. வறியவர்க்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை போன்றது என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே அதை ஆண்டிருக்கிறார்.

இப்படிப்பட்ட மொழியைத் தேர்வுக்காக நிறுத்திவைக்கலாமா என்று கேட்கிறீர்கள். இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்பார்கள். தமிழைக் கந்தை என்று நான் சொல்லவில்லை, எறிகிற அவசரத்தைத்தான் சொல்கிறேன். இந்த நாட்டில் நம் வீடுகள் பலவற்றிலிருந்து தமிழ் வெளியேறியது, பிள்ளைகளின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்ற இதே அச்சத்தாலும்தான். உங்கள் மகனுக்கு ஐயம் வரும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘வாங்கு’ என்று வாயில் வந்தால் பாரோ, ‘கொடு’ என்றோ ‘தா’ என்றோ வந்தால் லெண்ட். ஆப்பிரிக்கான்ஸில் சொல்லிப் பார்த்தால் இந்த உதவி கிடைக்காது.

உங்கள் கடிதத்திலும் ஒரு திருத்தம் உண்டு. நூலகத்திலிருந்து நூலைக் கடன் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். இரவல் என்று எழுதியிருக்க வேண்டும். கடன் என்றால் அந்த நூலை நீங்களே வைத்துக்கொண்டு, கடையில் வேறொரு பிரதி வாங்கிக் கொடுத்தாலும் கணக்குத் தீர்ந்துவிடும். ஆனால் முத்திரை குத்திய தம் நூல் எங்கே என்றுதான் நூலகர் கேட்பார்.