வாசகர் கேள்விகள்: கயிறு, காசு, நினைவு – எதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: சித்தப்பா ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி 10 பாகம் என்கிறார். அதே இடத்தில் எக்கோ சவுண்டர் 16 மீட்டர் காட்டுகிறது. எது சரி? (மண்டபம் வாசகர்)

பதில்: இரு கைகளையும் விரித்த அகலம் ஒரு பாகம், ஏறத்தாழ 6 அடி. 10 பாகம் என்றால் 18.3 மீட்டர். இரண்டு மீட்டருக்கு மேல் இடிக்கிறது. நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்தால் கயிறு சாய்ந்துதான் இறங்கும். 30 டிகிரி சாய்ந்தாலே 10 பாகக் கயிற்றுக்கு உண்மை ஆழம் 15.8 மீட்டர்தான். கயிறு வில்லாக வளைந்தால் இன்னும் கூட்டிக் காட்டும்.

எக்கோ சவுண்டர் அளப்பது நேரத்தை. ஒலி தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை எடுத்து, கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும் என்று வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. ஒலியை அனுப்பும் அதன் முனை நீர்மட்டத்துக்கு 40 சென்டிமீட்டர் கீழே இருந்து, அதைக் கருவியில் சேர்க்காமல் விட்டால் அவ்வளவும் குறையும். அடர்ந்த கடற்புல்லைத் தரையென்று எடுத்துக்கொள்வதும் உண்டு.

நீவாடு ஓய்ந்த நேரத்தில் நங்கூரமிட்டு 3 கிலோ குண்டை இறக்குங்கள். கயிற்றை நனைத்த பிறகு டேப்பால் அளந்து குறியிடுங்கள். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். குண்டு தரை தொட்டதும் ஒரு சாண் தூக்கி மறுபடி இறக்கி, கயிறு செங்குத்தாக நிற்கையில் படியுங்கள். 5, 10, 15 மீட்டர் ஆழங்களில் செய்தால் குட்டு தெரியும். வித்தியாசம் எங்கும் ஒரே அளவென்றால் முனையின் கணக்கில் பிழை. ஆழத்தோடு சேர்ந்து வளர்ந்தால் கயிற்றுக் குறியிலோ ஒலிவேகத்திலோ பிழை. கயிறும் கருவியும் தவறும் விதம் வேறு வேறு. அதனால்தான் இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

கயிற்றைக் கைவிடாதீர்கள். குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி இறக்கினால் கீழே மணலா சேறா என்பது ஒட்டிக்கொண்டு வரும். பாரில் (கடலடிப் பாறையில்) பட்டால் ஒன்றும் ஒட்டாது.

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் அகழாய்வில் ரோமானியக் காசு கிடைத்ததே, காசின் காலம்தானே அந்த மண்ணடுக்கின் காலம்? (பனைக்குளம் ஆசிரியை)

பதில்: தியோடோசியஸ் முகம் பொறித்த காசென்றால், அவர் பேரரசரான 379-க்கு முன் அந்த அடுக்கு உருவாகியிருக்க முடியாது. அவ்வளவே சொல்லலாம். காசு நூறு வருடம் கைமாறியிருக்கலாம். எலிவளை வழியாகக் கீழே இறங்கியிருந்தால் அந்த வரம்பும் போயிற்று. ஆகவே காசைச் சுற்றியுள்ள மண்ணின் நிறம் மாறி, வளை இருந்ததைக் காட்டுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கார்பன் கணிப்பிலும் கரி சொல்வது மரம் வளர்ந்த காலத்தை. அடுப்பு எரிந்தது பிந்தி இருக்கலாம். சிப்பியோ கடலின் பழைய கார்பனால் சுமார் 400 வருடம் கூடுதல் வயது காட்டும். கருகிய நெல்மணி கிடைத்தால் பொன்போலக் காப்பாற்றுங்கள், அது ஒரே பருவத்தில் விளைந்தது.

கேள்வி: 1964 தனுஷ்கோடிப் புயல் இரவில் பௌர்ணமி நிலா என்கிறார் அப்பத்தா. எழுதி வைக்கலாமா? (ராமேசுவரம் வாசகர்)

பதில்: அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பக்கத்திலேயே இதையும் குறியுங்கள்: புயல் அடித்தது டிசம்பர் 22 இரவு, அந்த மாதப் பௌர்ணமி 19-ஆம் தேதி. 22-இல் தேய்பிறை நிலா இரவு 8 மணிக்கு மேல்தான் எழும், அதையும் மேகம் மறைத்திருக்கும். மூன்று நாள் முந்தைய நிலா அப்பத்தா நினைவில் கலந்திருக்கலாம். அதற்காகத் தண்ணீர் ஏறிய உயரத்தைப் பற்றி அவர் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். "எதுவரை ஏறியது, கையால் காட்டுங்க அப்பத்தா" என்று கேட்டு, காட்டும் உயரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். அன்று உடனிருந்த வேறொருவர் இருந்தால் தனியாகக் கேளுங்கள். அப்பத்தா எதிரில் கேட்டால் அவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வார்கள்.